தாரும் கையெழுத்தும்: ஆசிய நெடுஞ்சாலை என்பது உண்மையில் என்ன?

திருநெல்வேலிப் பக்கம் நாலுவழிச் சாலை வந்த பிறகு சாலைகளைப் பற்றிய பேச்சும் கூடிவிட்டது. வண்ணார்பேட்டையிலோ கேடிசி நகரிலோ லாரி டிரைவர்கள் நிற்கும் டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். "அண்ணாச்சி, இதாம்லா ஆசிய நெடுஞ்சாலை. ஐ.நா. போடுத ரோடு. முழுசும் முடிஞ்சா இங்கன ஏறி லண்டன்ல போய் இறங்கலாம்." யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இதே செய்தி விதவிதமான தலைப்புகளில் சுற்றுகிறது.

இந்தப் பேச்சில் இருக்கும் ஆசை நல்ல ஆசை. ஆனால் செய்தி அநேகமாக முழுக்கத் தவறு. ஆசிய நெடுஞ்சாலை ஒரே சாலை அல்ல. ஐ.நா. அதைப் போடவில்லை. எல்லா வேலையும் முடிந்தாலும் யாரும் இஷ்டப்படி எல்லை தாண்ட முடியாது. அப்புறம், அது நம் ஊர் வழியாகப் போகவும் இல்லை. படித்தவர்கள்கூட இதைக் குழப்பிக்கொள்வதால், அடிப்படையிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஒரு கால்வாய், பல ஊர்கள்

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பாளையங்கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்து பிரிந்து பல ஊர்களைத் தாண்டிப் போகிறது. வழிநெடுகக் குளங்கள். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். இந்த மாதிரிக் கால்வாய்களில் குடிமராமத்து என்ற பழைய வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் எல்லைக்குள் வரும் பகுதியைத் தாங்களே தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி வைப்பார்கள். யாரோ ஒருவர் தலையிலிருந்து கடைசி வரை மொத்தக் கால்வாயையும் பராமரித்ததில்லை.

ஆனால் தூர்வாரி வைத்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா? எந்த மடையை எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாள் முறை என்ற பேச்சும் முடிந்திருக்க வேண்டும். மேலே இருக்கும் ஒரு ஊர் ஷட்டரை இறக்கிவிட்டால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும், அங்கே கால்வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

பல நாடுகளைத் தாண்டும் நெடுஞ்சாலையும் இப்படித்தான். ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தன் செலவில் தன் சாலையைப் போடுகிறது. அது கால்வாய் வெட்டுகிற வேலை. எல்லையில் வண்டியை விடுவதா, எந்த விதியில் விடுவது என்பது தனிப் பேச்சு. அது முறை பேசுகிற வேலை. சாலை பற்றிய செய்திகளில் முதல் வேலை மட்டும்தான் படம் பிடிக்கப்படுகிறது. நம் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இரண்டு ஊருக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம், நீர்வளத்துறைப் பொறியாளர் வந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லலாம். நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு கலெக்டர் கிடையாது. எந்த நாட்டின் கேட்டையும் வெளியிலிருந்து திறக்க வைக்க முடியாது. அந்த நாடே சம்மதித்தால்தான் உண்டு. இனி வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

1959இல் தொடங்கிய யோசனை

ஆசிய நெடுஞ்சாலை புதுத் திட்டம் இல்லை. ஐ.நா.வுக்கு ஆசியப் பகுதிக்கென்று ஒரு பொருளாதார ஆணையம் உண்டு. தலைமையகம் பாங்காக்கில் இருக்கிறது. இன்று அதை ‘எஸ்கேப்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆசியா, பசிபிக் நாடுகளுக்கான பொருளாதார, சமூக ஆணையம் என்பது அதன் விரிவு. இந்த ஆணையம் வேறு பெயரில் இயங்கிய 1959இல்தான் யோசனை பிறந்தது. ஆசிய நாடுகளில் ஏற்கெனவே இருக்கும் முக்கியச் சாலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று சேரும்படி வரிசைப்படுத்தி, தரத்தைக் கூட்டினால் கண்டம் முழுக்க ஒரு வலை கிடைக்கும் என்பதுதான் அது. புதிதாக வெட்டுவதை விட, இருப்பதைக் கோத்து எடுப்பதே நோக்கம்.

முதல் பத்துப் பதினைந்து வருடம் வேலை ஓரளவு நடந்தது. 1975இல் நிதியுதவி நின்றதும் திட்டம் படுத்துவிட்டது. அந்தக் காலத்து ஆசியாவை நினைத்துப் பாருங்கள்: வியட்நாம் போர், கம்போடியா, கொஞ்ச நாளில் ஆப்கானிஸ்தான். 1992இல் சாலை, ரயில் இரண்டையும் சேர்த்து மறுபடி எடுத்தார்கள். 2003 நவம்பரில் பாங்காக்கில் ஒப்பந்த வாசகம் ஏற்கப்பட்டது. 2004 ஏப்ரலில் ஷாங்காயில் நாடுகள் கையெழுத்துப் போட்டன. 2005 ஜூலை 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

யோசனைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 45 வருடம். இதைச் சிலர் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்களுக்குள் போர் நடத்திய நாடுகள், ஒருவரையொருவர் அங்கீகரிக்காத நாடுகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் கோடு போடச் சம்மதித்தது பெரிய காரியம். தென்கொரியாவும் வடகொரியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கிறது?

இதற்கு ‘அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தம்’ என்று பெயர். அரசாங்கங்கள் தங்களுக்குள் எழுதி ஒப்புக்கொண்ட பத்திரம், அவ்வளவுதான். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பாதைப் பட்டியல். எந்த எண் கொண்ட பாதை எந்த ஊர்களைத் தொட்டுப் போகிறது என்ற பட்டியல். 32 நாடுகள், மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பாதையைத் தேர்ந்தெடுக்க அளவுகோல்கள் உண்டு: தலைநகரங்களை இணைக்க வேண்டும், பெரிய தொழில், விவசாய மையங்களைத் தொட வேண்டும், முக்கியத் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் போக வேண்டும், சரக்குப் பெட்டக முனையங்களையும் சுற்றுலாத் தலங்களையும் சேர்க்க வேண்டும்.

எண்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஎச் என்பது ஆசிய நெடுஞ்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ஏஎச் 1 முதல் 9 வரை கண்டத்தின் பல பகுதிகளைக் குறுக்கே கடக்கும் பெரும்பாதைகள். 40இல் தொடங்கும் எண்கள் தெற்காசியாவுக்கு ஒதுக்கியவை. ஆகவே எங்காவது பலகையில் ஏஎச் 43 என்று பார்த்தால், அது இந்தியா, இலங்கை, வங்கதேசம் மாதிரி நம் சுற்றுவட்டாரத்துப் பாதை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, தரம். சாலையை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். உச்சத்தில் இருப்பது நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத விரைவுச் சாலை. அடுத்து முதல் வகுப்பு, அதாவது நாலு வழியோ அதற்கு மேலோ. இரண்டாம் வகுப்பு இருவழி. மூன்றாம் வகுப்பும் இருவழிதான், ஆனால் குறுகல். வேறு வழியில்லாத இடங்களில் மட்டும் அனுமதி. முதல் இரண்டு வகுப்புகளிலும் ஒரு வண்டி ஓடும் தடம் 3.5 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் குறைந்தது 4.5 மீட்டர் உயரம் விட வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் இருக்கும். ஆனால் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் நல்ல சாலையில் வந்து ஒரே ஒரு தாழ்ந்த பாலத்தில் மாட்டிக்கொண்டால், அந்தச் சாலை அவருக்கு அந்தப் பாலத்தோடு முடிந்தது.

மூன்றாவது, பலகை. எல்லா நாட்டிலும் அந்தப் பாதை எண்ணை ஒரே மாதிரி எழுதி வைக்க வேண்டும், உள்நாட்டு எண்ணோடு சேர்த்து.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒப்பந்தம் எந்தச் சாலை, எந்தத் தரம், எந்த எண் என்று சொல்கிறது. இவை எல்லாம் கால்வாய் வெட்டுகிற பகுதி. ஷட்டரைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டுமல்ல, சொல்லமாட்டேன் என்றே எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததால், தன் நிலத்தின் வழியே சரக்கையும் பயணிகளையும் விட ஒரு நாடு கடமைப்பட்டதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்ற விதி அதிலேயே இருக்கிறது. லண்டன் போகலாம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த விதியைக் குறையாக நான் பார்க்கவில்லை. அது இல்லாமல் இத்தனை நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்காது.

நம்ம நாலுவழிச் சாலை இதில் எங்கே?

கயத்தாறு, கங்கைகொண்டான், திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் என்று கன்னியாகுமரி நோக்கிப் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் இதன் நம் பகுதியைப் பெரியவர்கள் இன்னும் 7 என்பார்கள். 2010இல் எண்கள் மாறின.

ஏஎச் 43 ஆக்ராவில் தொடங்குகிறது. குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக மதுரை வருகிறது. அதுவரை பெரும்பாலும் 44ஆம் எண் சாலையும் அதுவும் ஒரே தார்தான். ஒரே சாலைக்கு இரண்டு எண்கள், ஒன்று நாட்டுக்குள் வழங்குவது, இன்னொன்று நாடுகளுக்கிடையே வழங்குவது. மதுரையில் இரண்டும் பிரிகின்றன. 44 தெற்கே நம் பக்கம் வருகிறது. ஏஎச் 43 கிழக்கே ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறது. அங்கே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் அதே எண் மறுபடி தொடங்கி, அனுராதபுரம், தம்புள்ளை, குருநாகல், கொழும்பு, காலி வழியாக மாத்தறையில் முடிகிறது.

ஆகவே நம் நாலுவழிச் சாலை ஆசிய நெடுஞ்சாலை இல்லை. அதில் நமக்கு நஷ்டமும் இல்லை. ஏஎச் எண் வந்தால் ஐ.நா. பணம் வரும் என்று நினைப்பதும் தவறு. இந்த ஒப்பந்தத்துக்கென்று சாலை போடும் நிதி எதுவும் கிடையாது. நம் சாலை வடக்கு-தெற்கு வழித்தடம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது. அந்தத் திட்டங்களுக்கான பணத்தில் ஒரு பங்கு பெட்ரோலிலும் டீசலிலும் 1998, 1999 வாக்கில் போட்ட லிட்டருக்கு ஒரு ரூபாய் மேல்வரியில் கிடைத்தது. மீதி கடன், சுங்கக் கட்டணம். பெட்ரோல் போட்ட ஒவ்வொருவரும், டோல்கேட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் கொடுத்த காசு. மற்ற நாடுகளிலும் கதை இதேதான். சொந்த பட்ஜெட், அதோடு ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி மாதிரி இடங்களில் வாங்கி வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன்.

சாலை மோசமாக இருந்தபோது போன பஸ்

1957 ஏப்ரலில் லண்டனில் கிளம்பிய ஒரு பஸ், ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தது. பிறகு இருபது வருடம் போல அந்த வழியில் பஸ்களும் வேன்களும் வந்துபோய்க்கொண்டு இருந்தன. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘லண்டன் டு கல்கத்தா’ பஸ் படங்கள் அந்தக் காலத்தவை. அப்போது துருக்கியின் கிழக்கிலும் ஈரானிலும் நீண்ட தூரம் வெறும் மண்சாலை.

இன்று அதே வழியில் சாலை எவ்வளவோ மேல். ஆனால் அந்த பஸ்ஸைப் போல் போக முடியாது. 1979இல் ஈரானில் புரட்சி, அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. இந்தியா-பாகிஸ்தான் எல்லையில் 2019இல் வர்த்தகம் நின்றது. 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச்சாவடியே மூடப்பட்டது. அந்த அட்டாரி ஏஎச் 1 பாதையில் இருக்கிறது.

ஆசிய நெடுஞ்சாலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மண்சாலையும் திறந்த கேட்டும் இருந்தபோது ஆட்கள் போனார்கள். நாலு வழியும் மூடிய கேட்டும் இருக்கும்போது போகவில்லை.

ஏஎச் 1 தான் இந்த வலையின் மிக நீளமான பாதை, 20 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். டோக்கியோவில் தொடங்கி, ஃபுகுவோக்காவிலிருந்து கப்பலில் தென்கொரியாவின் பூசான் தாண்டி, கொரியா, சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், இந்தியா, வங்கதேசம், மறுபடி இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று பல்கேரியா எல்லையில் முடிகிறது. தென்கொரிய விரைவுச் சாலையில் இந்த எண்ணோடு இந்தியா, துருக்கி பெயர்கள் எழுதிய பலகையே இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் வடக்கே போனால் வடகொரிய எல்லையின் கம்பிவேலியில் முட்டி நிற்க வேண்டும்.

எல்லையில் ஒரு லாரிக்கு என்ன நடக்கிறது?

சரி, பகை இல்லாத நாடுகளுக்கு நடுவே என்றால் நேராகப் போய்விடலாமா? அங்கேயும் முடியாது. காரணம் பகை அல்ல, காகிதம்.

ஒரு வண்டி எல்லை தாண்ட நான்கு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும். டிரைவர் யார், அவருக்கு விசா உண்டா, அவர் லைசென்ஸ் இங்கே செல்லுமா? வண்டி யாருடையது, இன்சூரன்ஸ் இங்கே செல்லுமா? அந்த வண்டி இந்த நாட்டில் வாடகைக்கு ஓட பெர்மிட் உண்டா? உள்ளே இருக்கும் சரக்குக்கு வரி யார் கட்டுவது? ஒவ்வொன்றுக்கும் வேறு துறை, வேறு சட்டம்.

முதல் கேள்விக்கு ஓரளவு வழி உண்டு. 1949இல் ஜெனீவாவில் சாலைப் போக்குவரத்துக்கான ஓர் உலக உடன்படிக்கை வந்தது. இந்தியா அதில் இருக்கிறது. அதனால்தான் நம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வருடம் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க முடிகிறது. சொந்தக் காரையோ பைக்கையோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ‘கார்னெட்’ வேண்டும். வண்டியை அங்கே விற்காமல் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன், இல்லாவிட்டால் வரியை என் பிணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று உறுதி சொல்லும் புத்தகம் அது. இந்தியாவிலிருந்து பைக்கில் உலகம் சுற்றும் யூடியூபர்கள் பலரும் இதை வைத்துத்தான் போகிறார்கள். அவர்கள் போவதைப் பார்த்து ‘சாலை திறந்துவிட்டது’ என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மனிதர், ஒரு பைக், மாதக்கணக்கில் சேர்த்த காகிதம். அது பயணம், போக்குவரத்து இல்லை.

சரக்கு லாரிக்குக் கதை வேறு. இந்தியா-வங்கதேச எல்லையில் பெட்ராபோல் என்ற இடம், ஏஎச் 1 பாதைதான். நம் லாரி அந்தப் பக்கம் பெனாபோல் கிடங்கு வரை போய்ச் சரக்கை இறக்கும். அங்கே வங்கதேச லாரி வந்து அதே சரக்கை மறுபடி ஏற்றிக்கொண்டு டாக்கா போகும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கிடங்கு வாடகை, நாட்கணக்கில் வரிசை. சாலை தொடர்கிறது, ஆனால் லாரி தொடரவில்லை.

இதைத் தீர்க்க 2015 ஜூன் 15 அன்று வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் சேர்ந்து திம்புவில் ஒரு மோட்டார் வாகன ஒப்பந்தம் போட்டன. ஒருவர் வண்டி இன்னொருவர் நாட்டில் நேராக ஓடலாம் என்பதுதான் சாரம். 2016இல் பூட்டானின் மேலவை அதை நிராகரித்தது. பெரிய நாட்டு லாரிகள் வந்து குவிந்தால் நம் மலையும் காற்றும் என்னாவது என்ற கவலை. பூட்டானைக் குறை சொல்லிப் பலர் எழுதினார்கள். நான் சொல்லமாட்டேன். சின்ன ஊரின் ஷட்டரைத் திறக்கச் சொல்லும்போது அந்த ஊரின் பயத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். மற்ற மூன்று நாடுகளும் முதலில் தொடங்கட்டும் என்று பூட்டான் 2017இல் வழிவிட்டது.

முத்திரை வைத்த லாரி

வழியில் ஐந்து நாடு இருந்தால் ஐந்து இடத்திலும் சரக்கைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஐந்து இடத்திலும் வரிக்குப் பிணையம் கேட்பார்கள். கடந்துபோக மட்டும் வரும் இந்தச் சரக்கை ‘டிரான்சிட்’ என்பார்கள். அதற்கு ஐரோப்பா கண்டுபிடித்த தீர்வுதான் டிஐஆர் முறை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் தொடங்கி, 1975 உடன்படிக்கையில் இன்றைய வடிவம் பெற்றது.

அது வேலை செய்யும் விதம் எளிது. கிளம்பும் நாட்டின் சுங்கத்துறை சரக்கைப் பார்த்து, பெட்டியை மூடி முத்திரை வைக்கும். வழியில் இருக்கும் நாடுகள் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து விட்டுவிடும். கடைசி நாட்டில்தான் திறப்பார்கள். நடுவில் சரக்கு காணாமல் போனால்? எல்லா நாட்டுப் போக்குவரத்துச் சங்கங்களையும் இணைத்த ஒரு பிணையச் சங்கிலி அந்த வரியைக் கட்டும். அதனால் நடுவில் இருக்கும் நாட்டுக்குப் பயம் இல்லை. பயம் இல்லாததால் கேட் திறக்கிறது. இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். யாரையும் நம்பச் சொல்லவில்லை. நம்பாமலேயே வழிவிட வைக்கிறது.

பாகிஸ்தான் 2015இலும், சீனா 2016இலும், இந்தியா 2017இலும் இதில் சேர்ந்தன. இவை செய்திகளில் பெரிதாக வரவில்லை. எட்டு வழிச் சாலைக்கு அடிக்கல் நாட்டினால் முதல் பக்கத்தில் வரும். என் கணக்கில் அந்த மூன்று கையெழுத்துகளும் பல நூறு கிலோமீட்டர் தாருக்குச் சமம்.

ஆக, எல்லையில் தடை என்பது ஒரே கதவு இல்லை, வரிசையாக நாலைந்து கதவுகள். கார்னெட், ஓட்டுநர் அனுமதி, டிஐஆர், மோட்டார் வாகன ஒப்பந்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவைத்தான் திறக்கும். ஒன்று திறந்த செய்தி வந்தால் எல்லாம் திறந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாலையே இல்லாத இடங்கள்

இவ்வளவு சொன்னதால் தார் முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே சாலை இல்லாத இடங்களும் உண்டு. அவற்றை விடுபட்ட இணைப்புகள் என்பார்கள். அமெரிக்கக் கண்டங்களில் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர் காட்டில் அறுந்து கிடக்கிறது. டேரியன் காடு என்று பெயர். காட்டையும் அங்கே வாழும் பழங்குடிகளையும் காப்பது ஒரு காரணம். தென்னமெரிக்கக் கால்நடைகளின் கோமாரி நோய் சாலை வழியாக வடக்கே வந்துவிடும் என்ற பயம் இன்னொன்று.

நமக்குப் பக்கத்தில் இந்தியா-மியான்மர்-தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை. மணிப்பூரின் மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர். மியான்மருக்குள் 69 பழைய பாலங்களை மாற்றுவதும், கலேவாவிலிருந்து யார்கி வரை 120 கிலோமீட்டர் சாலையை மேம்படுத்துவதும் இந்தியா ஏற்றுக்கொண்ட வேலை. 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தப் பகுதிகளிலேயே சண்டை. வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தப் பாதையில் இன்னொரு வேடிக்கையான சிக்கலும் இருக்கிறது. இந்தியாவில் வண்டி இடப்பக்கம் ஓடும். மோரேயில் எல்லை தாண்டி மியான்மரில் கால் வைத்ததும் வலப்பக்கம். அந்த நாடு 1970இல் மாற்றிக்கொண்டது. மே சோட்டில் தாய்லாந்துக்குள் நுழைந்ததும் மறுபடி இடப்பக்கம். ஒரே சாலையில் இரண்டு முறை பக்கம் மாற வேண்டும்.

நம் பக்கத்துக் கடல்

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்த வலையில் நெருக்கமான துண்டு எது என்றால், லண்டன் அல்ல, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தாக்கள் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் ஓடியது. ஏஎச் 43இன் கோடு கிட்டத்தட்ட அந்தப் பழைய வழியையே வரைபடத்தில் திரும்ப வரைந்திருக்கிறது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடி, இலங்கையில் போர் மூண்ட 1980களில் நின்றது. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். அந்த வருடமே நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. நடுவே தனுஷ்கோடி முனை வரை நல்ல தார்ச்சாலையும் போட்டுவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் கார் கொண்டுபோய் முனையில் நிறுத்திப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள்.

பாலம் கட்டுவோம் என்ற பேச்சு அவ்வப்போது எழும், இலங்கையில் அதற்கு எதிர்ப்பும் எழும். பாலம் இல்லாமலேயே இந்த இடைவெளியை அடைக்க வழி இருக்கிறது. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே ஏஎச் 1 கப்பலில்தான் போகிறது. லாரியும் காரும் அப்படியே ஏறி இறங்கும் கப்பல், இரண்டு கரையிலும் சுங்கச் சாவடி, இரு நாட்டு வண்டிகளின் பதிவெண்ணும் இன்சூரன்ஸும் பரஸ்பரம் செல்லும் என்று ஓர் ஒப்பந்தம். இவ்வளவு இருந்தால் அம்பாசமுத்திரத்தில் ஏற்றிய அரிசி வழியில் இறக்கி ஏற்றாமல் குருநாகல் சந்தைக்குப் போகலாம், அங்கிருந்து தேங்காயும் மிளகும் அதே லாரியில் திரும்பி வரலாம். இந்தப் பாதையில் பக்கம் மாறும் சிக்கல்கூடக் கிடையாது. இரண்டு கரையிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது.